அட்வெர்ப் சார்

அடுக்குமாடிக் குடியிருப்புக்கு ஓர் அட்வெர்ப் சார் நிச்சயம். பள்ளிக்கூடத்திலிருந்து ஓய்வு பெற்றிருப்பார்; இலக்கணத்திலிருந்து பெற்றிருக்கமாட்டார். சட்டைப் பையில் சிவப்புப் பேனா, தலைமாட்டில் அட்டை கிழிந்த ரென் அண்ட் மார்ட்டின். அந்த ரென்தான் 1924-இல் ‘பியூ ஜெஸ்ட்’ என்ற சாகச நாவலை எழுதினார் என்று சொல்லிப் பாருங்கள், முகம் சுண்டிவிடும். இலக்கணம் எழுதிய கை கதை எழுதலாமா?

பெயர்ச்சொல் பிசகினால் மன்னிப்பார். வினைச்சொல் பிசகினால் திருத்துவார். வினையடை பிசகினால் அன்றைக்குக் காபி இறங்காது.

வெளியாட்கள் வண்டியைத் தடுக்க, சங்கச் செயலாளர் ஒரு நோட்டீஸ் ஒட்டினார்: ‘ரெசிடென்ட்ஸ் மே ஒன்லி பார்க் கார்ஸ் ஹியர்.’ சார் வாட்ச்மேனைக் கூப்பிட்டார்.

“இதும்படி காரை நிறுத்தலாம், கழுவக் கூடாது. புரியுதா? ஒன்லியை கார்ஸுக்கு முன்னாடி போட்டா ஸ்கூட்டர் அவுட். ஹியருக்கு முன்னாடி போட்டா வேற எங்கேயும் நிறுத்த முடியாது. ரெசிடென்ட்ஸுக்கு முன்னாடி போட்டாத்தான்யா வெளியாளு வண்டி நிக்காது!”

“அப்ப பால்காரர் மொபெட்டை என்ன சார் பண்றது?”

“அதுக்கெல்லாம் அட்வெர்ப் கிடையாதுப்பா.”

சார் பக்கம் நியாயம் இல்லாமலில்லை. தமிழில் ‘மட்டும்’ தனக்குரிய சொல்லை ஒட்டியே நிற்கும். ஆங்கில ‘ஒன்லி’ கல்யாண வீட்டுக் குழந்தை மாதிரி; எந்தப் பந்தியில் உட்காரும் என்று சொல்ல முடியாது.

இரண்டாம் மாடிப் பையனின் வேலை விண்ணப்பத்தில் ‘ஐ வொர்க் ஹார்ட்லி’ என்றிருந்தது. “கடுமையா உழைப்பேன்னா ‘ஹார்ட்’தான். இவன் உழைக்கிறதே அபூர்வம்னு எழுதியிருக்கான்” என்றார் சார். பையனின் அப்பா வாங்கிப் பார்த்துவிட்டு, “சரியாத்தானே சார் எழுதியிருக்கான்?” என்றார்.

‘லை’ ஒட்டினால் அட்வெர்ப் என்றுதான் சார் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிக்கொடுத்தார். ‘ஃபாஸ்ட்’டுக்கு ஏன் ஒட்டவில்லை, ‘ஃபிரெண்ட்லி’ ஒட்டியும் ஏன் அட்வெர்ப் ஆகவில்லை என்று கேட்டால் மழை வருமா என்று வானத்தைப் பார்ப்பார். ‘டு’வுக்கும் ‘கோ’வுக்கும் நடுவே ‘போல்ட்லி’யைச் செருகிய 1966-ஆம் வருடத்து ‘ஸ்டார் டிரெக்’ தொடரைப் பேரன் போட்டுக் காட்டியதிலிருந்து டிவி பக்கமே போவதில்லை.

லிஃப்டில் அவர் ‘ஹவ் ஆர் யூ’ என்றால், ‘ஃபைன் ஒன்லி’ என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். உங்கள் மாடி வந்தாலும் கதவு மூடாது.