டெல்லிக்கு வந்தது, வீட்டுக்கு?

கேள்வி: 1947-லேயே சுதந்திரம் வந்தாச்சு. இன்னும் என்ன தனிமனித சுதந்திரம், சமூக சுதந்திரம்? (வாசகர், திண்டுக்கல்)

பதில்: வந்தது டெல்லிக்கு. மதுரைப் பக்கம் பாப்பாபட்டி, கீரிப்பட்டிக்கு வந்து சேர 2006 ஆயிற்று. ஊராட்சித் தலைவர் பதவி தலித்துகளுக்கு என்று ஒதுக்கியதும், ஆதிக்க சாதியினர் 1996-லிருந்து பத்து வருடம் தேர்தலை உருப்பட விடவில்லை. தப்பித்தவறி ஜெயித்தவரும் பதவியேற்ற கையோடு ராஜினாமா! இதற்கு வெள்ளைக்காரன் தேவைப்படவில்லை.

வீட்டுக்குள் வருவோம். பூர்வீகச் சொத்தில் மகளுக்குச் சம பங்கு தமிழ்நாட்டில் 1989-ல்தான் (அதுவும் அதற்குமுன் கல்யாணமாகியிருந்தால் அப்போது கிடையாது). நாடு முழுக்க 2005. சட்டம் வந்தும் என்ன, அண்ணன் விடுதலைப் பத்திரத்தை நீட்டினால் தங்கை கையெழுத்துப் போட்டு, காபியும் கொடுத்து அனுப்புகிறாள்.

உங்களுக்குத் தங்கை உண்டா? இதே கேள்வியை அவரிடம் கேளுங்கள், கையெழுத்து வாங்குவதற்கு முன்னால்.