அண்ணாந்து பார்த்தல்: விழிஞ்ஞ யாத்திரையில் கழுத்தின் ஸ்தானம்

பெரிய பட்டணங்களைச் சுற்றிப் பார்த்துவிட்டு ஊர் திரும்புகிறவர்கள் கண் பெற்ற பயனைப் பற்றியே பேசுகிறார்களன்றி, அந்தக் கண்ணை வேண்டிய திசைக்கெல்லாம் தூக்கியும் தாழ்த்தியும் திருப்பியும் கொடுத்த கழுத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்வதில்லை. கால்களுக்காவது இரவில் வெந்நீர் என்ற மரியாதை உண்டு. கழுத்துக்கு அதுவும் இல்லை. இந்த அநியாயத்தைச் சாஸ்திரீயமாக நிவர்த்தி செய்ய முற்பட்ட நாம், ஆராய்ச்சிக்குரிய களமாகச் சென்னையையோ பம்பாயையோ தேர்ந்துகொள்ளாமல், திருவனந்தபுரத்துக்குத் தெற்கே சுமார் 16 கிலோமீட்டரில், கோவளத்தை அடுத்து இருக்கும் விழிஞ்ஞத்தைத் தேர்ந்துகொண்டதற்குக் காரணம் உண்டு. எட்டாம் நூற்றாண்டுக் குடைவரைக் கோயிலும் இருபத்தோராம் நூற்றாண்டுப் பாரந்தூக்கிகளும் ஒரே பிற்பகலில் பார்த்து முடிக்கத்தக்க அண்மையில் அமைந்திருப்பதால், மனிதக் கழுத்து எடுக்கக்கூடிய கோலங்கள் அத்தனையையும் ஒருங்கே பரிசீலிக்க இதைவிட வாய்ப்பான இடம் கிடைப்பது அரிது.

தர்க்க நூலார் பிரத்தியக்ஷம், அனுமானம், ஆப்தவாக்கியம் என்று வகுத்துவைத்த பிரமாணங்களையே நாமும் கைக்கொண்டோம். ஆப்தர் என்ற ஸ்தானத்தில் இவ்வூர் ஆட்டோ ஓட்டுநர்களை வைத்திருக்கிறோம். பஸ்ஸை விட்டு இறங்கித் திகைத்து நிற்கும் தமிழ்நாட்டு யாத்ரிகரைப் பார்த்த மாத்திரத்தில், "அண்ணாச்சி, ஆழிமலையோ, லைட் ஹவுஸோ?" என்று அவர்கள் கேட்கும் கேள்வியில் இவ்வூரின் க்ஷேத்திர மஹாத்மியம் முழுவதும் அடங்கியிருக்கிறது. அந்தக் கேள்வியில் சொல்லப்பட்டவை எவை, சொல்லாமல் விடப்பட்டவை எவை என்று யோசித்ததன் பயனாகவே நம் சித்தாந்தம் பிறந்தது. அதாவது, ஒரு காட்சியைத் தேடி வரும் ஜனத்திரள் அதன் வயதையோ, சிற்பச் சிறப்பையோ, சரித்திர முக்கியத்துவத்தையோ பொறுத்ததன்று. அதைப் பார்க்கும்போது கழுத்து எவ்வளவு பின்னுக்குச் சாய்கிறது என்பதையே பொறுத்தது.

சான்றுகளில் முதலாவது ஆழிமலை. கடலோரப் பாறைமேல் 58 அடி உயரத்தில் அமர்ந்திருக்கும் கங்காதரேசுவரருடைய திருமேனி 2020-ஆம் ஆண்டின் இறுதியில்தான் திறக்கப்பட்டது. காலக் கணக்கில் நேற்றுப் பிறந்த குழந்தையாகிய இந்தச் சிலையை நாடி விடுமுறை நாட்களில் வருகிற வாகனங்களுக்கு நிற்க இடமில்லை. இரண்டாவது, கோவளத்தின் தென்கோடிக் குன்றின்மேல் சிவப்பும் வெள்ளையுமாகப் பட்டை தீட்டி நிற்கும் கலங்கரை விளக்கம். 1972-இல் ஒளியேற்றப்பட்ட இதன் உயரம் சுமார் 36 மீட்டர். அரசாங்கக் குறிப்பேடுகளில் விழிஞ்ஞத்தின் பெயரைத் தாங்கியிருந்தும், தன் காலடியில் கிடக்கும் மணற்பரப்புக்கு 'லைட் ஹவுஸ் பீச்' என்ற பெயரையும் அதனால் வரும் கீர்த்தியையும் கோவளத்துக்குத் தானம் செய்துவிட்ட கர்ணன் இந்த விளக்கம். இதில் விசேஷம் என்னவென்றால், கீழே நின்று சில நிமிஷம் அண்ணாந்து பார்த்தவர், அதன் உச்சிக்கு ஏறியபின் அதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் குனிந்து பார்க்கிறார். பின்னுக்குச் சாய்ந்த கழுத்தை முன்னுக்குச் சாய்த்துக் கணக்கை நேர் செய்யும் இந்த வசதி ஆழிமலையில் இல்லை.

மூன்றாவதாகிய துறைமுகத்தைப் பற்றிச் சற்று விரித்தே சொல்லவேண்டும். இயற்கையாகவே ஆழமான கடல், சர்வதேசக் கப்பல் தடத்துக்குச் சுமார் 10 கடல்மைல் அண்மை என்ற இரண்டு ஜாதக பலன்களை வைத்து 2015-இன் கடைசியில் கட்டத் தொடங்கி, 2024 ஜூலையில் 'சான் பெர்னாண்டோ' என்ற தாய்க் கப்பலை வரவேற்று, 2025 மே 2-ஆம் தேதி முறைப்படி நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது இது. மறுமாதமே, ஏறக்குறைய 400 மீட்டர் நீளமும் 24,000-க்கு மேற்பட்ட பெட்டிகளைச் சுமக்கும் திறனும் உடைய 'எம்.எஸ்.சி. ஐரினா' வந்து சேர்ந்தது. யாத்ரிகர் இதனுள்ளே நினைத்தபடி நுழைய முடியாது. முடியாதென்பதனாலேயே, கண்ணுக்கு எட்டிய மேட்டிலெல்லாம் ஏறி நின்று, நீலவானத்தைக் கீறிக்கொண்டு நிற்கும் பாரந்தூக்கிகளைப் பார்த்து, கப்பலே இல்லாத நாளிலும் கப்பலைப் பார்த்தது போன்ற திருப்தியோடு திரும்புகிறார். பழைய காலத்துப் பிரயாணி கப்பல் ஏறுவதற்காகத் துறைமுகத்துக்குப் போனான்; இக்காலத்தவர், தாம் ஒருநாளும் ஏறப்போகாத கப்பலை, தமக்கு ஒன்றும் கொண்டுவராத கப்பலை, சிரத்தையோடு தரிசிக்கிறார். இது பக்தியின் மிகத் தூய வடிவம் என்பது நம் அபிப்பிராயம்.

இனி எதிர்மறைச் சான்று. பஸ் நிற்கும் இடத்திலிருந்து நடந்தே போகக்கூடிய தூரத்தில் ஒற்றைப் பாறையைக் குடைந்து அமைத்த சிறிய கோயில் ஒன்று இருக்கிறது. உள்ளே வீணை ஏந்திய தக்ஷிணாமூர்த்தி. வெளிச்சுவரில் திரிபுராந்தகராகச் சிவபெருமானும் உடன் பார்வதியும், சிற்பி பாதியிலே உளியை வைத்துவிட்டுப் போன நிலையில். ஆய் மன்னர்கள் இவ்வூரைத் தலைநகராகக் கொண்டிருந்த காலத்தின் நேர்ச்சாட்சி இது. 1965 முதல் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. ஆயினும் இதைப் பார்க்கக் கழுத்தைத் தூக்கவும் வேண்டாம், திருப்பவும் வேண்டாம். நேரே நின்று நேரே பார்த்தால் போதும். அவ்வளவுதான் குற்றம். ஆப்தவாக்கியத்தில் இதற்கு இடமில்லாமற் போனதும் அதனால்தான். அந்தச் சிற்பி வேலையைப் பாதியில் விட்டது, வருங்கால யாத்ரிகர்களின் ஸ்வபாவத்தை முன்கூட்டி உணர்ந்ததனால்தானோ என்றுகூட நமக்கு ஐயம் எழுகிறது.

பூர்வபக்ஷிகள் இங்கே எழுந்து, "அப்படியானால் திருவனந்தபுரத்து அனந்தபத்மநாபர் சயனித்தல்லவா இருக்கிறார்? அண்ணாந்து பார்க்க அங்கே என்ன இருக்கிறது? அவரைத் தேடி இத்தனை பேர் வருவானேன்?" என்று ஆக்ஷேபிக்கக்கூடும். நியாயமான ஆக்ஷேபம்தான். அதற்குச் சமாதானம்: 18 அடி நீளத் திருமேனியை ஒரே பார்வையில் அடக்க இயலாமல், முதல் வாசலில் திருமுகத்தையும், நடுவாசலில் நாபிக் கமலத்தையும், மூன்றாம் வாசலில் திருவடியையுமாகச் சேவிக்க நேர்வதால், தூக்கலில் குறைந்ததைக் கழுத்து திருப்பலில் ஈடு செய்துகொள்கிறது. ஆண்கள் சட்டையைக் கழற்றி வேஷ்டியோடு வரவேண்டும் என்ற சம்பிரதாயத்துக்கு ஆகமம் அறிந்தவர்கள் வேறு காரணம் சொல்வார்கள். காலர் இல்லாத கழுத்து தாராளமாகத் திரும்புகிறது என்பதை மட்டும் நாம் குறித்துவைக்கிறோம். கோயிலுக்கு அருகே, மணிக்கொருமுறை இரண்டு ஆடுகள் ஓடிவந்து ஒரு தாடிக்காரர் கன்னத்தில் முட்டும் மேத்தன் மணிக் கடிகாரமும், சுவாதித் திருநாள் கட்டிய குதிரைமாளிகையின் இறவாரத்தைத் தாங்கும் 122 மரக்குதிரைகளும் நம் விதிக்கு வலுவூட்டுபவையே, அண்ணாந்துதான் பார்க்கவேண்டும். தம்பானூரில் லாரி பேக்கர் கட்டிய இந்தியன் காபி ஹவுஸ் மட்டும் தனி ரகம். அங்கே கட்டடமே சுருண்டு சுருண்டு மேலேறுகிறபடியால் கழுத்துக்கு ஓய்வு. காபி குடிப்பவர் சும்மா உட்கார்ந்திருக்கலாம்.

மேலே சொன்ன கோலங்கள் நம் முன்னோருக்கும் தெரிந்தவை. அண்மைக் காலத்தில் தோன்றிய நான்காவது கோலம் ஒன்று உண்டு. அதைச் சொல்லக் கூச்சமாக இருக்கிறது. காண வந்த பொருளுக்கு முதுகைக் காட்டி நின்று, கைப்பேசியைத் தூக்கிப் பிடித்து, கழுத்தை ஒருக்களித்து, தன் முகத்தையே தான் பார்த்துப் புன்னகைத்தல். விழிஞ்ஞமோ சாமானிய ஊரன்று. கடலை அகழியாகக் கொண்ட இதன் கோட்டையைப் பாண்டியன் நெடுஞ்சடையன் வென்றதைச் செப்பேடு பேசுகிறது; பின்னர் சோழரும் இதற்காகப் போரிட்டனர். முதுகில் காயம் பட்டால் வடக்கிருந்து உயிர்விட்ட மரபில் வந்த வீரர்கள் புறமுதுகு காட்ட மறுத்து மடிந்த கரையில், அவர்களுடைய சந்ததியார் கூட்டங்கூட்டமாக வந்து கடலுக்கும் கப்பலுக்கும் கடவுளுக்கும் புறமுதுகு காட்டி நிற்பதைச் சரித்திரத்தின் பரிகாசம் என்பதா, சமாதானத்தின் வெற்றி என்பதா?

உயர்ந்த பொருள்களைப் பார்த்தும் கழுத்து நோகாத ஒரு கூட்டம் இவ்வூரில் உண்டு. அவர்கள் மீன்பிடிப்பவர்கள். கடலுக்குள் போனபின் திரும்பிப் பார்த்தால், கரையிலிருந்து அண்ணாந்து பார்த்த கோபுரமும் குன்றும் நேர்க்கோட்டுக்கு இறங்கிவிடுகின்றன. கரையில் தெரியும் ஒரு தேவாலயக் கோபுரத்தை அதன் பின்னால் தெரியும் ஒரு மலைமுடியோடு சேர்த்து ஒரு கோடும், வேறொரு ஜோடியைக் கொண்டு இன்னொரு கோடும் மனத்துக்குள் இழுத்து, இரண்டும் வெட்டிக்கொள்ளும் இடத்தில் நீருக்கடியில் மீன் அடையும் பாறை இருக்கிறது என்று அவர்கள் நிர்ணயிக்கிறார்கள். 'கணிச்சம்' என்று வழங்கும் இந்த வித்தையில், மேலே தெரிவது கீழே மறைந்திருப்பதற்கு அடையாளம். யாத்ரிகர் கலங்கரை விளக்கத்தைப் பார்த்துவிட்டுக் கலங்கரை விளக்கத்தையே கண்டார். மீன்காரர் கோபுரத்தைப் பார்த்துவிட்டுப் பாறையைக் கண்டார். அப்பாறைகளில் மூழ்கி எடுத்துவரும் சிப்பியை மசாலாவோடு வதக்கித் தட்டில் வைத்தவுடன், அதுவரை வானத்தையே பார்த்துக்கொண்டிருந்த நம் யாத்ரிகரும் தாமாகவே குனிந்துவிடுகிறார் என்பதும் எம் பார்வைக்குத் தப்பவில்லை.

கடைசியாக, பரிகாரம். கலங்கரை விளக்கத்தின் அடிவாரத்திலும் கோவளத்துச் சந்துகளிலும் ஆயுர்வேதச் சிகிச்சை நிலையங்கள் இத்தனை நெருக்கமாக முளைத்திருப்பது தற்செயலாக இருக்க முடியாது. அவற்றின் பட்டியல்களில் 'கிரீவ வஸ்தி' என்று ஒன்று காணப்படும். யாத்ரிகரைக் குப்புறப் படுக்கவைத்து, பிசைந்த உளுந்து மாவைப் பிடரிமேல் வளையமாகக் கட்டி, அதன் நடுவே வெதுவெதுப்பான தைலத்தை ஊற்றித் தேக்கிவைப்பார்கள். 58 அடியையும் 36 மீட்டரையும் அண்ணாந்து பார்த்த கழுத்து, அந்த நேரம் முழுவதும் தரையைப் பார்த்துக்கொண்டிருக்கும். பிறநாட்டார் இந்நிலையில் பரம சுகத்தோடு கண்ணயர்ந்துவிடுவதாகக் கேள்வி. தமிழ்நாட்டு யாத்ரிகருக்கோ தூக்கம் வருவதில்லை. நடுவில் ஓட்டையிட்ட உளுந்து மாவு, அந்த ஓட்டையில் எண்ணெய் என்ற இரண்டும் தம் பிடரியிலேயே சேர்ந்திருக்க, வாணலியையும் சட்னியையும் பற்றி ஒருவரும் பேச்செடுக்கவில்லையே என்ற விசாரத்தில் அவர் விழித்தே கிடக்கிறார்.