ஐஸ் ஹவுஸில் படித்தவர்கள்

சென்னைக் கடற்கரைச் சாலையில் வளைந்து நிற்கும் அந்த வீட்டுக்கு இப்போது விவேகானந்தர் இல்லம் என்று பெயர். பஸ்ஸில் நாங்கள் “ஐஸ் ஹவுஸ் ஒண்ணு” என்றுதான் டிக்கெட் கேட்போம். கல்லூரி நாட்களில் அதைப் பற்றி இரண்டு கதைகள் தெரியும். 1842-இல் அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த ஐஸைப் பாதுகாக்கக் கட்டினார்கள். 1897-இல் விவேகானந்தர் ஒன்பது நாள் தங்கினார். வருஷக்கணக்கில் அங்கே தங்கிப் படித்த பெண்களைப் பற்றி எங்கள் வீட்டில் அத்தைப் பாட்டிதான் முதலில் சொன்னார்.

அவர்களை அங்கே தங்க வைத்துப் படிக்க வைத்த சிஸ்டர் சுப்புலட்சுமி 1886-இல் பிறந்தவர். பதினோரு வயதில் கல்யாணம், உடனே வைதவ்யம். அப்பா மூலையில் உட்கார வைக்காமல் படிக்க வைத்தார். 1911-இல் மாநிலக் கல்லூரியில் பி.ஏ. முடித்ததும், தன்னைப் போன்ற சிறுமிகள் சிலரை எழும்பூர் வீட்டில் சேர்த்துக்கொண்டார். அந்த விடுதிதான் வளர்ந்து ஐஸ் ஹவுஸுக்கு வந்தது. பிராமண விதவைகளுக்கு மட்டும் என்ற வரம்பு இன்று படிக்கும்போது எனக்கு உறுத்துகிறது. ஆனால் மடி, ஆசாரம் எதுவும் கெடாது என்று உறுதி சொன்னால்தான் அன்று அந்தப் பெண்களை வாசல் தாண்ட விட்டார்கள்.

விடியற்காலையில் எதிரே வந்தால் சகுனத் தடை என்று வீட்டுக்குள் மறைத்து வைத்த முகங்கள் அவை. அவர்களைக் கொண்டுவந்து ஊரே காற்று வாங்கும் மெரினாவுக்கு எதிரில் குடிவைத்தார் அந்த அம்மாள். அவர்களில் பலர் ஆசிரியைகளானார்கள். தினமும் காலையில் அந்த முகத்தைப் பார்த்துத்தான் ஊரார் வீட்டுப் பெண்கள் பாடம் தொடங்கினார்கள். எந்த மேடைப் பேச்சும் இதைச் சாதித்திருக்காது என்றே நினைக்கிறேன்.

பதினெட்டு வயதைத் தாண்டியவர்களுக்கு அங்கே இடமில்லை. அவர்களுக்காகச் சாரதா வித்யாலயாவைத் தொடங்கினார்.

இப்போது ஐஸ் ஹவுஸில் சுவாமிஜியைப் பற்றிய கண்காட்சி இருக்கிறது. அதைப் பார்க்க வரும் பள்ளிப் பிள்ளைகளிடம், அந்த மாடிகளில் மொட்டைத் தலையில் முடி வளர்த்துக்கொண்டு இலக்கணமும் கணக்கும் படித்த சிறுமிகளைப் பற்றியும் யாராவது சொல்ல வேண்டும். சுப்புலட்சுமி முதல் தலைவியாக இருந்த லேடி வில்லிங்டன் ஆசிரியப் பயிற்சிக் கல்லூரி 1922-இலிருந்து பக்கத்திலேயே இருக்கிறது. அங்கே இன்றும் பெண்கள் பி.எட். படிக்கிறார்கள்.