தாவணிக் கயிறு அறுந்தால்…
(இதயம்: கேள்வி-பதில்)

விடிகாலையில் மல்லிகை மூட்டை இறக்கும்போதெல்லாம் நடுநெஞ்சில் ஓர் அழுத்தம். ட்ரோபோனின் டெஸ்ட் எடுக்கச் சொல்கிறார்கள். அது என்ன?
– பூ வியாபாரி, மாட்டுத்தாவணி

உங்கள் ஊர்ப் பேரை வைத்தே சொல்லிவிடலாம், அண்ணாச்சி. தாவணி என்றால் மாடுகளை வரிசையாகப் பிணைக்கும் நீளக் கயிறு. இதயத் தசைக்குள்ளும் அப்படி மெல்லிய இழைகள் ஓடுகின்றன. அந்த இழைகளில் வரிசையாகப் பிணைந்து, தசை எப்போது சுருங்க வேண்டும், எப்போது விரிய வேண்டும் என்று தாளம் போடும் புரதம்தான் ட்ரோபோனின். ரத்தக்குழாய் அடைத்துத் தசை சாகும்போது கயிறு அறுகிறது. புரதம் ரத்தத்தில் கலக்கிறது. மேலூர் ரோட்டில் ஒரு மாடு தனியாகத் திரிந்தால், எங்கோ கட்டு அவிழ்ந்துவிட்டது என்று தெரியுமில்லையா? அதைத்தான் இந்த டெஸ்ட் கண்டுபிடிக்கிறது. ஆனால் கயிறு அறுகிறவரை நீங்கள் காத்திருக்க வேண்டாம். பாரம் தூக்கினால் அழுத்தம், உட்கார்ந்தால் சரியாகிறது என்றால் குழாய் சுருங்கியிருக்கலாம். அப்போது ட்ரோபோனின் நார்மலாகவே இருக்கும். இன்றைக்கே இதய மருத்துவரைப் பாருங்கள்.

சோடா குடித்து ஏப்பம் விட்டால் வலி குறைகிறது. அப்போ கேஸ்தானே?
– லோடுமேன், சிம்மக்கல்

இதய வலியும் தானாக வந்து தானாகக் குறையும். அந்த நேரத்தில் ஏப்பம் வந்தால் சோடாவுக்குப் பேர் கிடைத்துவிடும். கேஸா, இல்லையா என்று ஈசிஜி பார்த்த பிறகு முடிவு செய்வோம்.

அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்ததும் பக்கத்து லேபில் ட்ரோபோனின் பார்த்தோம். நெகட்டிவ். வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டோம். சரிதானே?
– மகள், ஒத்தக்கடை

இல்லை, தாயி. முதலில் ஆஸ்பத்திரிக்குத் திரும்புங்கள், மீதியைப் பிறகு படியுங்கள். ஒரு சொட்டு ரத்தம் விட்டால் கோடு விழுகிற சின்ன அட்டை பார்த்திருப்பீர்கள். ட்ரோபோனின் ரத்தத்தில் ஏறவே மூன்று, நான்கு மணி நேரம் ஆகலாம். அதற்குள் எடுத்தால் அட்டையில் ஒரே கோடுதான் தெரியும். அடைப்பு மட்டும் உள்ளே இருக்கும். அதனால்தான் மருத்துவர்கள் சில மணி நேரம் கழித்து இரண்டாவது ரத்தம் எடுத்து, அளவு ஏறுகிறதா என்று பார்க்கிறார்கள். இப்போதுள்ள நுட்பமான பரிசோதனைகளில் அந்த இடைவெளி ஒன்று முதல் மூன்று மணி நேரமாகச் சுருங்கியிருக்கிறது. வலி வந்தால் லேபுக்கு அல்ல, ஈசிஜி உள்ள ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். உள்ளே நுழைந்த பத்து நிமிடத்துக்குள் ஈசிஜி எடுத்துப் பார்த்துவிட வேண்டும். பெரிய அடைப்பு ஈசிஜியில் தெரிந்தால் ட்ரோபோனின் ரிப்போர்ட்டுக்காக யாரும் காத்திருக்க மாட்டார்கள்.

எனக்கு ட்ரோபோனின் அதிகம். ஆனால் ஆஞ்சியோவில் அடைப்பே இல்லை. மெஷின் பொய் சொல்லியதா?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், திருமங்கலம்

பெரும்பாலும் இல்லை. தசை காயப்பட்டது என்பதை மட்டுமே அது சொல்லும். யார் அடித்தார்கள் என்று சொல்லாது. இதயத் தசை அழற்சி, நுரையீரலில் ரத்தக்கட்டு, கடும் தொற்று, நாள்பட்ட சிறுநீரகக் கோளாறு எதுவும் காரணமாகலாம். அந்த ரிப்போர்ட்டைப் பத்திரமாக வைத்திருங்கள். அடுத்த முறை ஒப்பிட அது வேண்டும்.

அம்மாவுக்கு மூச்சுத்திணறல், கால் வீக்கம். பிஎன்பி எடுத்தார்கள். அதில் ‘பி’ என்றால் மூளையாம். இதயத்துக்கு ஏன் மூளை டெஸ்ட்?
– வாடிப்பட்டி வாசகர்

1988-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் அதைப் பன்றியின் மூளையில் முதலில் கண்டெடுத்தார்கள்; அந்தப் பேர் ஒட்டிக்கொண்டது. அது அதிகம் சுரப்பதோ இதயத்தின் கீழறைகளில். பாரம் தாங்காமல் அறைச் சுவர் இழுபடும்போது பிஎன்பி ஏறும். மூச்சுத்திணறலுக்குக் காரணம் நுரையீரலா, இதயத் தளர்ச்சியா என்று பிரித்தறிய உதவும். சிறுநீரகம் பழுதானாலும் வயது கூடினாலும் இது உயரும். உடல் பருத்தவர்களுக்குக் குறைத்துக் காட்டும்.

எனக்கு நோவு எதுவும் இல்லை. ஆனால் அப்பா 45 வயதில் மாரடைப்பில் போய்விட்டார். நான் எந்த டெஸ்ட் எடுக்க?
– பரோட்டா மாஸ்டர், கோரிப்பாளையம்

ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு மூன்றும் முதலில். கூடவே ‘எல்பி லிட்டில் ஏ’ என்று கேளுங்கள். கொழுப்பைச் சுமந்து திரியும் இந்தத் துகளை நார்வேயின் கோரே பெர்க் 1963-இல் கண்டறிந்தார். இது பெரும்பாலும் பெற்றோர் கொடுத்த சொத்து. பரோட்டாவை நிறுத்தினாலும் பெரிதாக இறங்காது. அதனால் பெரும்பாலோருக்கு வாழ்நாளில் ஒரு முறை பார்த்தால் போதும். இந்திய இதயவியல் சங்கத்தின் 2024 வழிகாட்டுதலும் ஒரு முறையாவது பார்க்கச் சொல்கிறது. 50 மில்லிகிராமைத் தாண்டினால் மற்ற மூன்றையும் இறுக்கிப் பிடியுங்கள். பீடி, சிகரெட் இருந்தால் இன்றோடு விடுங்கள்.

எங்கள் ஊரில் இதய ஆஸ்பத்திரி இல்லை. ராத்திரி வலி வந்தால்?
– விவசாயி, கொட்டாம்பட்டி

108. பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தையும் மறக்காதீர்கள். 2023-இல் தமிழக அரசு தொடங்கிய ‘இதயம் காப்போம்’ திட்டத்தில் அங்கே 14 மாத்திரைகள் தயாராக இருக்கின்றன: ஆஸ்பிரின் 2, குளோபிடோக்ரல் 4, அட்டோர்வாஸ்டாட்டின் 8. முதல் டோஸ் கொடுத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார்கள். அவர்கள் பார்த்துக் கொடுக்க வேண்டிய மருந்து அது. வீட்டில் வாங்கி வைத்து விழுங்காதீர்கள்.

ராத்திரி வண்டி ஓட்டும்போது நெஞ்சு பிசைந்து வியர்த்தால், டிரிப்பை முடித்துவிட்டு டெஸ்ட் எடுக்கலாமா?
– பஸ் டிரைவர், மாட்டுத்தாவணி

ஆயில் லைட் எரிந்தால் திருச்சி வரை ஓட்டிப் பார்ப்பீர்களா? ஓரம் கட்டுங்கள். முதல் போன் 108-க்கு. டெப்போவுக்கு இரண்டாவது.