கத்திரியில் கடற்கரை

கேள்வி: மே விடுமுறைக்குத் தரங்கம்பாடி போகலாம் என்றிருக்கிறோம். கடலோரமாயிற்றே, தஞ்சாவூரைவிடக் குளுகுளுவென்று இருக்கும்தானே?

பதில்: தெர்மாமீட்டர் ‘ஆமாம்’ என்னும், உங்கள் சட்டை ‘இல்லை’ என்னும். நான் சட்டை கட்சி. தஞ்சாவூரில் வெயில் வறுக்கும், தரங்கம்பாடியில் அவிக்கும். வேர்வை காய்ந்தால்தானே உடம்பு குளிரும்? அங்கே காற்றிலேயே ஈரம் நிறைந்திருப்பதால், உங்கள் வேர்வையை வாங்கிக்கொள்ள அது ரொம்ப யோசிக்கும்.

கைகொடுப்பது கடற்காற்றுதான். நிலம் சூடேறி அதன்மேல் உள்ள காற்று மேலே கிளம்ப, காலியான இடத்துக்குக் கடலிலிருந்து காற்று புறப்பட்டு வரும், பெரும்பாலும் மதியத்தை ஒட்டி. மேற்கிலிருந்து வரும் காற்று வலுத்த நாளில் அது கடற்காற்றை உள்ளே விடாது. அன்றைக்குக் கடலோரத்திலும் 40 டிகிரி அடிக்கும். அலை வேடிக்கை பார்க்கும்.

1620-இல் இங்கே வந்து டேன்ஸ்போர்க் கோட்டை கட்டிய டென்மார்க்காரர்கள், தங்கள் ஊரில் ஜூன் கடைசியில் நெருப்பு மூட்டி நடுக்கோடையைக் கொண்டாடுகிறவர்கள். இங்கே விறகுச் செலவு மிச்சம். 1845-இல் ஊரையே ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டார்கள். வெயிலுக்கு பயந்து அல்ல, வரவு செலவு கட்டாமல்தான்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை வேறு. வஞ்சிரக் கனவோடு போகாதீர்கள். நாட்டுப்படகில் வருவதைச் சாப்பிடுங்கள். விடியலில் கரையில் நடங்கள், மதியம் தூங்குங்கள், நாலு மணிக்கு மேல் மறுபடி வாருங்கள். குளுமையேதான் வேண்டுமென்றால் டிசம்பரில் போகலாம், புயல் வராத வாரமாகப் பார்த்து.