நீங்க பாத்துக் குடுங்க சார்

சென்னையில் எந்தக் குடும்பத்தின் கைப்பேசியை வாங்கித் தேடினாலும் பிளம்பர் என்ற பெயரில் குறைந்தது நான்கு பேர் இருப்பார்கள். பிளம்பர், பிளம்பர் புது, பிளம்பர் தாடி, பிளம்பர் வேண்டாம். ஞாயிற்றுக்கிழமைக் காலையில் சமையலறை முழுக்கத் தண்ணீர் நிற்கும்போது முதல் மூன்று பேரும் போனை எடுக்க மாட்டார்கள். ஒரே மணியில் எடுப்பவர் 'பிளம்பர் வேண்டாம்'.

"சொல்லுங்க சார், பாத்து ரொம்ப நாளாச்சே! வழியிலதான் இருக்கேன், பத்து நிமிஷம்."

பிளம்பர் எப்போதுமே வழியில்தான் இருக்கிறார். எந்த வழி என்று கேட்பது நாகரிகமில்லை. அவர் மேடவாக்கத்தில் ஒரு வீட்டில் பாதிக் குழாயைப் பிரித்துப் போட்டுவிட்டு, பல்லாவரத்தில் இன்னொரு வீட்டில் மோட்டாரைக் கழற்றி வைத்துவிட்டு, நம் வீட்டில் இன்று ஒரு பள்ளம் தோண்டிவிட்டுப் போகலாம் என்று வருகிறவர். மூன்று வீட்டுக்காரர்களும் அவரை விட்டு ஓட முடியாது. அவரும் யாரையும் கைவிடுவதில்லை. வருவார், ஆனால் அவர் சொன்ன கிழமையில் வர மாட்டார், அவ்வளவுதான்.

வந்தவுடன் வேலையில் இறங்கிவிடுவார் என்று நினைப்பவர்களுக்கு இன்னும் சொந்த வீடு அமையவில்லை என்று பொருள். தோளில் தொங்கும் ரெக்ஸின் பையை இறக்கிவைப்பார். அதில் பைப் ரெஞ்ச் இருக்கும், ஆக்ஸா பிளேடு இருக்கும், உளி இருக்கும், நாலு சுற்று மிச்சமுள்ள டேப் ஒன்று இருக்கும். அன்றைய வேலைக்கு வேண்டிய ஒரு சாமான் மட்டும் இருக்காது. பிறகு குழாய் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, அதைத் தொடாமல், கொஞ்ச நேரம் பார்ப்பார். 'த்சு' என்று ஒரு சத்தம். தலையை இப்படியும் அப்படியும் ஓர் ஆட்டு.

"இத யார் சார் பண்ணது?"

பிளம்பர் குலத்தில் எல்லோருக்கும் பொதுவான கேள்வி இது. முன்னால் வேலை பார்த்தவன் தொழில் தெரியாதவன், அவனுக்கு முன்னால் வந்தவன் திருடன், கட்டடம் கட்டிய இன்ஜினியருக்குத் தண்ணீர் மேலிருந்து கீழே ஓடும் என்ற விஷயமே தெரியாது. "நீங்கதாங்க பண்ணீங்க, போன ஐப்பசில" என்று சொல்லி மடக்கிவிடலாம் என்று பார்த்தால் நடக்காது. "அதான் அன்னிக்கே சொன்னேனே சார், இது தாங்காதுன்னு!" என்று அதையும் நம் தலையில் கட்டிவிடுவார்.

அடுத்து நாம் கேட்கக் கூடாத கேள்வியைக் கேட்போம். எவ்வளவு ஆகும்?

இதற்குப் பிளம்பரிடம் மூன்று பதில்கள் உண்டு. "சின்ன வேலைதான் சார்" என்பது முதலாவது. அந்தச் 'சின்ன' வேலைக்கா கூலிக்கா என்பது சாயங்காலம்தான் தெரியும். "பிரிச்சுப் பாத்தாத்தான் சொல்ல முடியும்" என்பது இரண்டாவது. மூன்றாவதைப் பிறகு சொல்கிறேன்.

இரண்டாவது பதிலைத் தட்டிக் கழிக்கும் பேச்சு என்று நான் வெகுகாலம் எண்ணியிருந்தேன். ஆனால் அவர் சொல்வதிலேயே அதுதான் சுத்த உண்மை. பழைய வீடுகளில் சுவருக்குள் ஓடுவது ஜி.ஐ. பைப். போர் தண்ணீரின் உப்பு உள்ளே படிந்து, அரை இஞ்ச் குழாயில் கடைசியில் பென்சில் நுழையும் அளவுக்குத்தான் வழி இருக்கும். வெளியே பார்த்தால் பெயின்ட் அடித்து ஜம்மென்று இருக்கும். ரெஞ்சைப் போட்டு ஒரு திருகு திருகினால் டேப் கழன்று கையோடு வரலாம். இல்லையென்றால் மரை சுவருக்குள்ளேயே முறிந்து தங்கிவிடலாம். முதலாவதானால் பத்து நிமிஷம். இரண்டாவதானால் சுவரை உடைக்க வேண்டும், டைல்ஸ் போகும், கொத்தனார் வருவார். கொத்தனார் வந்து, "இத யார் சார் உடைச்சது?" என்பார். உடைந்த டைல்ஸுக்கு ஜோடி தேடிப் போனால் அந்த டிசைன் வருவது நின்று பல வருஷம் ஆகியிருக்கும். பூப்போட்ட நீல டைல்ஸ் நடுவே ஒரே ஒரு வெள்ளை டைல்ஸ் இருக்கிற பாத்ரூம்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். ரெஞ்சைப் போடுகிற அந்த நொடியில் பிளம்பர் மூச்சைப் பிடித்துக்கொள்வதைக் கிட்டே இருந்து கவனித்தால் தெரியும். சுவருக்குள் இருப்பது நமக்குத் தெரியாத மாதிரியே அவருக்கும் தெரியாது.

இப்போதைய குழாய்களின் கதை வேறு. அந்தக் காலத்துப் பித்தளை டேப்பில் சொட்டினால், தலையைக் கழற்றி ஸ்பிண்டிலை எடுத்து, நுனியில் தேய்ந்துபோன ரப்பர் வாஷரை நகத்தால் நெம்பிவிட்டுப் புதுசு மாட்டுவார்கள். ஐந்து, பத்து ரூபாயில் முடியும். கைராசியுள்ள தாத்தாக்கள் பழைய செருப்பிலிருந்தே வாஷர் வெட்டிப் போட்டுவிடுவார்கள். இன்றைக்குக் கால் திருகில் திறந்து மூடும் பளபளப்பான டேப்பில் வாஷர் என்ற ஒன்றே கிடையாது. உள்ளே பீங்கான் வட்டு இரண்டு ஒன்றையொன்று உரசிக்கொண்டிருக்கும். நம்மூர்த் தண்ணீரில் வரும் மணலும் உப்பும் அதில் கீறல் போட்டுவிட்டால் அந்த உள்பாகத்தையே மாற்ற வேண்டும். "இந்த மாடலுக்குத் தனியா வராது சார், டேப்பையே மாத்திடலாம்" என்பார் பிளம்பர். வரும். ஆனால் கடைக்காரரும் வராது என்றே சொல்வார். இருவருக்கும் இடையிலான புரிதல் நீண்டகால நட்பின் விளைவு. அந்த நட்பில் எத்தனை சதவீதம் என்று கேட்பது நம் வேலையில்லை.

சாமான் வாங்க நம்மையேதான் அனுப்புவார். "அரை இஞ்ச் எல்போ ரெண்டு, ஒரு டீ, ஒரு யூனியன், ஒரு நிப்பிள், டேப் ஒண்ணு." சொந்த வாழ்க்கையில் பேங்க் மேனேஜராக இருப்பவர், ஹார்டுவேர் கடை வாசலில் கூனிக் குறுகி நிற்பதை அங்கேதான் காணலாம். "உள்மரையா வெளிமரையா?" என்று கடைப் பையன் கேட்பான். தெரியாது. "யூ.பி.வி.சி.யா, சி.பி.வி.சி.யா?" தெரியாது. வெள்ளையாக இருக்கும் என்று சொல்லிப் பார்ப்போம். பையன் சிரிக்கமாட்டான், அண்ணாந்து மின்விசிறியைப் பார்ப்பான். திரும்பி வந்தால் வாங்கியதில் ஒன்று முக்கால் இஞ்ச். மறுபடி போக வேண்டும். இந்தப் பெட்ரோலை எந்தக் கணக்கில் எழுதுவது?

மரையில் சுற்றுகிற அந்த டேப்பைப் பற்றி ஒரு வார்த்தை. முன்பெல்லாம் மரையில் சணலைச் சுற்றி, வெள்ளைப் பெயின்டைக் குழைத்து அப்பி முறுக்குவார்கள். இப்போது டெஃப்லான் டேப். 1938-ல் அமெரிக்காவில் டூபான்ட் கம்பெனியின் ராய் பிளங்கெட் என்ற வேதியியலாளர், குளிர்பதனத்துக்கான வாயு வைத்திருந்த சிலிண்டரைத் திறந்தால் ஒன்றும் வரவில்லை. எடை மட்டும் அப்படியே இருந்தது. அறுத்துப் பார்த்தால் உள்ளே வழுவழுவென்று ஒரு வெள்ளைப் பொடி. அதுதான் டெஃப்லான். நம் பிளம்பரை அங்கே கூப்பிட்டிருந்தால், "அடைச்சுக்கிச்சு சார், புது சிலிண்டரே போட்டுரலாம்" என்று சொல்லி அந்தக் கண்டுபிடிப்பையே தடுத்திருப்பார். ஆனால் அதே டேப்பை மரை ஓடும் திசை பார்த்து, இழுத்துப் பிடித்து, கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே அவர் சுற்றுகிற அழகை பிளங்கெட் பார்த்திருந்தால் கைகூப்பியிருப்பார். நாம் சுற்றினால் அது திருகும்போதே அவிழ்ந்து வெள்ளைத் தாடியாகத் தொங்கும்.

அடுக்குமாடிக் குடியிருப்பில் பிளம்பருக்கு இன்னொரு பதவியும் உண்டு. தூதர். கீழ்வீட்டுப் பாத்ரூம் கூரையில் ஈரம் பூக்கும். மேல்வீட்டுக்காரர் எங்கள் வீட்டுத் தரை காய்ந்துதான் கிடக்கிறது என்பார். பிளம்பர் கீழே போய் அண்ணாந்து பார்த்து, "மேல நஹானி டிராப்புலதான் சார் லீக்கு" என்பார். மேலே போய்க் குனிந்து பார்த்து, "இது காமன் லைனா இருக்கும் மேடம்" என்பார். செக்ரட்டரியிடம், "ரெண்டு வீட்டையும் பிரிச்சுப் பாத்துரலாம்" என்பார். மூன்று பேரிடமும் மூன்று எஸ்டிமேட். அசோசியேஷன் மீட்டிங் ஒன்று நடக்கும். ஈரத்தின் படத்தை வாட்ஸாப்பில் மாற்றி மாற்றி அனுப்புவார்கள். கடைசியில் ஒரு நாள் யாரோ வெள்ளை சிமென்ட் வாங்கி இடுக்கில் பூசியதும் நின்றுவிடும். யார் பூசியது என்பது குடியிருப்பின் ரகசியங்களில் ஒன்று.

இவருக்குப் போட்டியாக இப்போது ஆப் பிளம்பர் வந்திருக்கிறார். சீருடை உண்டு, காலுக்கு உறை உண்டு, ரேட் கார்டு உண்டு. டேப் மாற்ற இவ்வளவு, ஃப்ளஷ் டேங்க் பார்க்க இவ்வளவு என்று எழுதியே போட்டிருக்கும். சொன்ன மணிக்கு வந்துவிடுகிறார், அதுவே நமக்கு ஒரு மாதிரி பயமாக இருக்கிறது. குழாயைப் பார்த்துவிட்டு, "இது கார்டுல வராது சார்" என்பார். வெளியே போய் நின்று யாருக்கோ போன் செய்வார். கிளம்பும்போது அஞ்சு ஸ்டார் கேட்பார். நம் ஆளுக்கு ஸ்டார் எதுவும் வேண்டாம், ஒரு டீ போதும். புது அபார்ட்மென்ட் வேலைகளுக்கு ஒடிசாவிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். அங்கே கேந்திரபாடா மாவட்டம் பிளம்பர்களுக்கென்றே பேர்போனது. அவர்களிடமும் "யார் பண்ணது" கேள்வி உண்டு, இந்தியில்.

அந்த டீயைச் சொன்னேன் இல்லையா, அங்கே ஒன்று எனக்கு உறுத்தும். நம் வீட்டுக் கக்கூசில் கைவிட்டு இரண்டு மணி நேரம் மல்லுக்கட்டியவர் டீ குடிக்கும் தம்ளர், அலமாரியின் கடைசித் தட்டிலிருந்து வருகிறது. உட்கார நாற்காலி வருவதில்லை. சில வீடுகளில் இன்னும் ஒரு படி மேலே போய், "அப்படியே அந்த செப்டிக் டேங்க்ல கொஞ்சம் இறங்கிப் பாத்துடேன்" என்பார்கள், மொட்டைமாடியில் காயும் துணியை எடுத்து வரச் சொல்கிற குரலில். பிளம்பர் அசைய மாட்டார். "அதுக்கு வண்டி கூப்பிடுங்க சார். ஆள இறக்கினா உங்களத்தான் உள்ள வைப்பாங்க." அவர் சொல்வது சரி. பாதுகாப்புச் சாதனம் இல்லாமல் செப்டிக் டேங்கில் ஆளை இறக்குவதை 2013-லேயே சட்டம் போட்டுத் தடுத்தாகிவிட்டது. பேங்க் மேனேஜருக்குத் தெரியாத சட்டம் அவருக்குத் தெரிந்திருக்கிறது. உயிர் அவருடையதாயிற்றே.

2019 கோடையில் ஏரிகள் வறண்டு, ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து வில்லிவாக்கத்துக்கு ரயிலில் தண்ணீர் வந்ததே, அப்போது சொட்டும் குழாய்க்கென்று பிளம்பரை யாரும் கூப்பிடவில்லை. சொட்டுவதற்குத் தண்ணீர் இருந்தால்தானே. ஆனாலும் அவருக்கு ஓய்வில்லை. போர் மோட்டாரை இன்னும் இருபது அடி கீழே இறக்கு, இன்னும் இருபது அடி இறக்கு என்று ஊரே அவர் பின்னால் திரிந்தது. அவரைப் பெயர் சொல்லி, 'ங்க' போட்டு அழைத்த ஒரே பருவம் அதுதான்.

சரி, மூன்றாவது பதில். வேலை முடிந்தது. தண்ணீர் நின்றது. கையைத் தோட்டத்துக் குழாயில் கழுவிவிட்டு வந்து நிற்கிறார். எவ்வளவுங்க என்று மறுபடி கேட்கிறோம். பையை மாட்டியபடி, தரையைப் பார்த்து, மிக மெல்லிய குரலில் சொல்கிறார்: "நீங்க பாத்துக் குடுங்க சார்."

இதைவிடக் கொடிய ரேட் கார்டு உலகத்தில் கிடையாது. இனி கணக்கு முழுக்க நம் மண்டைக்குள் ஓடும். போன தடவை முந்நூறு கொடுத்தோம். இன்று ஞாயிறு. இரண்டு மாடி ஏறி வந்திருக்கிறார். அவர் தலைக்கு மேலேயே புது ஏ.சி. வேறு ஓடிக்கொண்டிருக்கிறது, அதை அவர் வந்தவுடனே பார்த்துவிட்டார். குறைத்துக் கொடுத்தால் அடுத்த முறை போனை எடுக்க மாட்டார். கூட்டிக் கொடுத்தால் அதுவே இனி அடிப்படைக் கூலி ஆகிவிடும். ஐந்நூறை நீட்டுவோம். அவர் வாங்கிக்கொள்வார். மடிக்க மாட்டார். நோட்டைப் பார்ப்பார், பிறகு நம்மைப் பார்ப்பார். "சார்…" என்று இழுத்து நிறுத்துவார். அதற்குமேல் ஒன்றும் சொல்ல மாட்டார். அந்த மௌனத்துக்கு நூறு ரூபாய் ஆகும்.

சமையலறையிலிருந்து, "ஒரு டேப்புக்கா அறுநூறு!" என்று குரல் வரும். இது முன்கூட்டியே பேசிவைத்த ஏற்பாடு. குடும்பத்தில் ஒருவர் கொடுக்க வேண்டும், ஒருவர் அதிர்ச்சி அடைய வேண்டும். பிளம்பரும் இதற்குப் பழகியவர்தான். "அம்மா சொல்றது நியாயம்தான்" என்று ஒப்புக்கொண்டே பணத்தைச் சட்டைப் பைக்குள் வைத்துவிடுவார். அதே குடும்பம் அதே வாரம் தோல் டாக்டரிடம் நாலு நிமிஷத்துக்கு எழுநூறு கொடுத்துவிட்டு, நன்றி டாக்டர் என்று பின்பக்கமாகவே நடந்து வெளியே வரும். டாக்டர் சுவருக்குள் கையை விடுவதும் இல்லை, தேமலை யார் பண்ணது என்று கேட்பதும் இல்லை.

இத்தோடு கணக்கு முடிந்தது என்று நினைத்துவிடக் கூடாது. வாசலில் செருப்பை மாட்டும்போது, பேச்சோடு பேச்சாக ஒன்று வரும். "இந்தப் பழைய டேப்பு உங்களுக்கு வேணுமா சார்?" கேட்கும்போதே அது பைக்குள் போயிருக்கும். முழுப் பித்தளை. காயலான் கடையில் எடைக்கு எடை காசு. ஆண்கள் எல்லோரும் அதை எங்கே வைத்துக்கொள்வது, எடுத்துட்டுப் போங்க என்றுதான் சொல்வார்கள். எங்கள் எதிர்வீட்டு மாமி மட்டும் விவரமானவர். "வேணும், குடுத்துட்டுப் போ" என்றார்.

பிளம்பர் முகம் சுளிக்கவில்லை. பையைத் திறந்து, டேப்பை எடுத்துத் துடைத்து, திண்ணையில் வைத்தார்.

"தாராளமா வச்சுக்கோங்கம்மா. அப்ப கூலி மட்டும் நானே சொல்லிடறேன்."