பொழுதுபோக்கு என்ன?

கேள்வி: ஐ.ஏ.எஸ். நேர்முகத் தேர்வுக்கு டெல்லி போகிறேன். அங்கே என்னதான் பார்ப்பார்கள்?
(ஒரு வாசகர், விருதுநகர்)

பதில்: உங்களுக்கு எவ்வளவு தெரியும் என்பதை எழுத்துத் தேர்வின் 1,750 மதிப்பெண்ணிலேயே பிழிந்து பார்த்துவிட்டார்கள். நேர்முகத்துக்கு 275. தெரியாததைத் 'தெரியாது' என்று முகம் கோணாமல் சொல்ல வருகிறதா, மறுத்துப் பேசினால் எகிறாமல் இருக்கிறீர்களா என்று கவனிப்பார்கள். கோட்டு தைக்கக் கொடுத்துவிட்டீர்கள் அல்லவா? இனி, நீங்கள் அனுப்பிய விண்ணப்பத்தை நீங்களே ஒருமுறை படியுங்கள். பாதிக் கேள்வி அதிலிருந்துதான் முளைக்கும். பொழுதுபோக்கு 'புத்தக வாசிப்பு' என்று கெத்தாக எழுதியிருப்பீர்கள். கடைசியாகப் படித்தது எது என்பார்கள். 'பொது அறிவுக் களஞ்சியம்' என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். விருதுநகர்க்காரர் வேறு. காமராசரைப் பற்றிக் கேட்டால் மதிய உணவோடு நிறுத்தாமல், 1963-இல் முதல்வர் பதவியை ஏன் விட்டார் என்பதையும் படித்துக்கொண்டு போங்கள்.